குரல் கேட்டு வண்டி ஓட்டுபவர், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறும்போது

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரி வரையிலும், அங்கிருந்து உள்ளே விலகிப் பாகூர், மதுக்கரை, கரையாம்புத்தூர் பக்கத்து ஊர்களுக்கும் மருந்துக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுசெல்வது என் தொழில். வெள்ளெழுத்து வந்த பிறகு, படிக்கும் கண்ணாடியைப் போட்டால் சாலை மங்குகிறது, கழற்றினால் போன் திரை மங்குகிறது. அதனால் சில ஆண்டுகளாக நான் வரைபடத்தைப் பார்ப்பதில்லை. அது சொல்வதைக் கேட்டுத்தான் ஓட்டுகிறேன். அண்மையில் ஆண்ட்ராய்டு போனை விட்டு ஐபோனுக்கு மாறினேன். படங்களும் தொடர்பு எண்களும் ஒரே மாலையில் வந்து சேர்ந்தன. காது பழகிய வழிகாட்டலை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர எனக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தவே இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல விரும்புவது அடிப்படையில் ஒன்றுதான்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். புதிய போன், புதிய மேப் செயலி, புதிய குரல், புதிய ஊர் ஆகிய நான்கும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டால், எது தவறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க ஓடும் வண்டியில் உங்களுக்கு நேரம் கிடைக்காது. எனவே எந்தச் செயலி இரண்டு வகைப் போனிலும் இருக்கிறதோ அதைப் பழைய போனிலேயே முதலில் பழகிக்கொண்டு, அதன் பிறகு போனை மாற்றுவது நல்லது. கூகுள் மேப்ஸும், இந்திய நிறுவனத்தின் மேப்பிள்ஸும் இரண்டிலும் கிடைக்கின்றன. ஆப்பிள் மேப்ஸ் செயலி ஆண்ட்ராய்டில் இல்லை. ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு எதிர்த்திசையில் மாறுபவர்கள் இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும். அவர்கள் ஆப்பிள் மேப்ஸில் சேர்த்துவைத்த இடங்களை, போனைக் கைமாற்றுவதற்கு முன்பே கூகுள் மேப்ஸில் ஒவ்வொன்றாகப் பதிந்துகொள்வது நல்லது.

பழைய போன் கையில் இருக்கும்போதே செய்ய வேண்டியவை

கூகுள் மேப்ஸில் நீங்கள் சேமித்த இடங்கள், வீடு, அலுவலகம், நீங்களே வைத்த பெயர்கள் ஆகியவை போனில் அல்ல, உங்கள் கூகுள் கணக்கில் இருக்கின்றன. புதிய போனில் அதே கணக்கில் நுழைந்தால் அவை அங்கேயும் தெரியும். இது எளிதாகத் தோன்றினாலும் இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள், ஏனெனில் ஒரே போனில் இரண்டு மூன்று கூகுள் கணக்குகள் இருப்பது இன்று சாதாரணம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நாற்பது கடைகளின் இடங்களைத் தொழிலுக்கான கணக்கில் சேமித்திருந்தேன். புதிய போனில் நுழைந்ததோ சொந்தக் கணக்கில். பட்டியல் காலியாகக் கிடந்ததைப் பார்த்து எல்லாம் அழிந்துவிட்டது என்று ஒரு மணி நேரம் பதறினேன். மேப்ஸைத் திறந்து, மேல்மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டால் எந்தக் கணக்கில் இருக்கிறீர்கள் என்பது தெரியும். அந்த மின்னஞ்சல் முகவரியை ஒரு தாளில் எழுதிவையுங்கள். கணக்கில் நுழையும்போது பழைய போனுக்கு உறுதிசெய்யும் அறிவிப்போ குறுஞ்செய்தியோ வரக்கூடும் என்பதால், புதிய போனில் எல்லாம் முடியும்வரை பழைய போனை அழிக்கவோ விற்கவோ வேண்டாம்.

ஒன்று மட்டும் கணக்கோடு வராது. எந்தத் தேதியில் எங்கே போனோம் என்பதைக் காட்டும் டைம்லைன் பதிவை, 2024 வாக்கில் கூகுள் போனுக்குள்ளேயே சேமிக்கும் முறைக்கு மாற்றிவிட்டது. பெட்ரோல் கணக்கு எழுத நான் அந்தப் பதிவையே நம்பியிருந்தேன். ஆண்ட்ராய்டு செட்டிங்ஸில் லொக்கேஷன் பிரிவுக்குள் டைம்லைன் என்பதைத் திறந்தால், பதிவை ஒரு கோப்பாக வெளியே எடுத்துவைக்கும் வசதி இருக்கிறது. தேவைப்படுபவர்கள் அதை முன்கூட்டியே எடுத்துவைக்கலாம்.

மூவ் டு ஐஓஎஸ் என்ற ஆப்பிளின் செயலியை ஆண்ட்ராய்டு போனில் நிறுவினால் தொடர்பு எண்கள், குறுஞ்செய்திகள், படங்கள் முதலியவை ஐபோனுக்கு வந்துவிடும். ஆனால் மேப் செயலிக்குள் நீங்கள் செய்துவைத்த அமைப்புகள் வருவதில்லை. குரலின் அளவு, சுங்கச்சாவடியைத் தவிர்க்கும் தேர்வு, புளூடூத் தேர்வு, இறக்கிவைத்த ஆஃப்லைன் வரைபடங்கள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஆகவே பழைய போனில் அந்தப் பக்கங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தால், பிறகு அவற்றைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பொருத்திவிடலாம்.

குரலின் மொழி

இந்த மாற்றத்தில் எனக்கு மிகுந்த நேரம் எடுத்தது இதுதான், ஏனெனில் இரண்டு வகைப் போன்களும் இதை வேறு வேறு விதமாக அணுகுகின்றன. ஆண்ட்ராய்டில் கூகுள் மேப்ஸின் செட்டிங்ஸுக்குள் நேவிகேஷன் பிரிவில் குரலைத் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். திரை ஆங்கிலத்தில் இருக்க, குரல் மட்டும் தமிழில் பேசும். நான் பல காலம் அப்படித்தான் வைத்திருந்தேன். ஐபோனில் செயலியின் மொழியும் குரலின் மொழியும் ஒன்றாகவே போகின்றன. ஐபோன் செட்டிங்ஸில் பொதுப் பிரிவுக்குள் மொழி, வட்டாரம் என்ற இடத்தில் தமிழை இரண்டாவது மொழியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் பின் செட்டிங்ஸில் செயலிகளின் பட்டியலில் கூகுள் மேப்ஸைத் திறந்தால், அந்தச் செயலிக்கு மட்டும் தனி மொழியைத் தேர்ந்தெடுக்கும் வரி தோன்றும். இரண்டாவது மொழி எதையும் சேர்க்காவிட்டால் அந்த வரியே கண்ணில் படாது. நான் இரண்டு நாள் தேடியது அதனால்தான். மொழியை மாற்றியதும் செயலியை முழுவதுமாக மூடித் திறந்து, வீட்டு வாசலிலேயே ஏதாவது ஒரு வழியைத் தொடங்கி, குரல் எந்த மொழியில் வருகிறது என்பதைக் காதால் கேட்டு உறுதிசெய்யுங்கள். திரையில் தமிழ் எழுத்து வந்துவிட்டதே என்று நம்பிக் கிளம்ப வேண்டாம்.

தமிழா ஆங்கிலமா என்பது வெறும் விருப்பம் அல்ல, குறிப்பாக எங்கள் பகுதியில். புதுச்சேரியில் ஒரே தெருவுக்கு இரண்டு பெயர் உண்டு. ஊர்க்காரர்கள் புஸ்ஸி வீதி என்பதை வரைபடம் லால் பகதூர் சாஸ்திரி வீதி என்று சொல்லும். பழைய பிரெஞ்சுப் பெயர் வந்தாலோ, ஆங்கிலக் குரல் அதை ஆங்கில எழுத்துக்கூட்டலின்படி படிப்பதால் நம் காதில் வேறு ஏதோ தெருவாக விழும். கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூர் என்ற பெயரை ஆங்கிலக் குரல் சொல்லி முடிப்பதற்குள் திருப்பமே கடந்துபோய்விடும். தமிழ்க் குரலும் எல்லாப் பெயரையும் சரியாகச் சொல்லிவிடுவதில்லை. ஆனால் வலது, இடது, நேராக என்ற சொற்கள் தாய்மொழியில் வரும்போது யோசிக்காமலே கை திரும்புகிறது. புதிய குரலில் தெருப் பெயரைப் பிடிக்க முயலாமல், தூரத்தையும் திசையையும் மட்டும் கவனிக்கப் பழகிக்கொள்ளும்படி சொல்வேன். ஒரு குரல் திருப்பத்துக்கு எவ்வளவு முன்னால் பேசுகிறது, கடைசி முறை எந்த இடத்தில் சொல்கிறது என்பதே காதுக்குத் தேவையான செய்தி. அந்த இடைவெளி பழகிய பின்தான் தெரியாத ஊருக்குப் போக வேண்டும்.

குரல் எங்கே போகிறது

மாறிய முதல் வாரத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். பாகூரைத் தாண்டி ஒரு புதிய கடைக்குச் சரக்கு கொடுக்க வேண்டியிருந்தது. புதுச்சேரியிலிருந்து அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என்று வந்து, கன்னியக்கோயிலில் மேற்கே திரும்பியிருக்க வேண்டும். காரில் வானொலி பாடிக்கொண்டிருந்தது. வழிகாட்டும் குரல் வரவே இல்லை. நேராகப் போகும் சாலை என்பதால் பேசாமல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். முள்ளோடையில் புதுச்சேரி எல்லையைத் தாண்டி ரெட்டிச்சாவடி கடைத்தெரு வந்த பிறகுதான் சந்தேகம் வந்து ஓரமாக நிறுத்தினேன். போனை எடுத்துப் பார்த்தால் அது ஒவ்வொரு திருப்பத்தையும் சொல்லிக்கொண்டேதான் வந்திருந்தது. பேச்சு புளூடூத் வழியாகக் காரின் ஸ்டீரியோவுக்குப் போயிருக்கிறது. ஸ்டீரியோவோ எஃப்எம்மில் இருந்ததால் அந்த ஒலியை வெளியே விடவில்லை.

பழைய போனில் இப்படி நடந்ததில்லை, ஏனெனில் அதில் புளூடூத் வழியே குரலை அனுப்பும் தேர்வை நான் எப்போதோ அணைத்துவைத்திருந்தேன், அணைத்ததையே மறந்துவிட்டேன். கூகுள் மேப்ஸின் நேவிகேஷன் அமைப்புகளில், புளூடூத் வழியே குரலை ஒலிக்கச் செய்யும் தேர்வு இருக்கிறது. உங்கள் ஸ்டீரியோ வானொலியில் இருக்கும்போது போனின் ஒலியை இடைமறித்துத் தராது என்றால், அந்தத் தேர்வை அணைத்துவிட்டுப் போனின் சொந்த ஒலிபெருக்கியிலேயே கேட்பது பாதுகாப்பானது. ஸ்டீரியோவில்தான் கேட்பேன் என்றால் பயணம் முழுவதும் அதைப் புளூடூத் நிலையிலேயே வைத்திருக்க வேண்டும். போனில் பேசிக்கொண்டிருக்கும்போதும் வழிகாட்டும் குரல் வர வேண்டுமா என்ற தேர்வும் அதே பக்கத்தில் இருக்கும், அதைப் போட்டுவையுங்கள். வாடிக்கையாளரின் அழைப்பு வரும் நேரத்தில்தான் திருப்பமும் வரும்.

ஒலியின் அளவைச் சரிசெய்வதற்கு ஒரு நேரம் உண்டு. பல ஸ்டீரியோக்கள் பாட்டுக்கு ஓர் அளவையும், போன் பேச்சுக்கோ வழிகாட்டலுக்கோ வேறோர் அளவையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்கின்றன. எனவே குரல் பேசிக்கொண்டிருக்கும் அந்தச் சில நொடிகளில் குமிழைத் திருப்பினால்தான் குரலின் அளவு கூடும். பேசாதபோது திருப்பினால் பாட்டின் அளவு மட்டும் மாறும். வண்டியை நிறுத்திவைத்து, செட்டிங்ஸில் குரலைச் சோதிக்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்தியோ, இல்லையென்றால் அருகில் ஓரிடத்துக்கு வழியைத் தொடங்கியோ இதைச் செய்துவிடலாம். மேப்ஸ் திரையில் ஒலிபெருக்கி வடிவப் பொத்தானுக்கு மூன்று நிலைகள் உண்டு: முழுக் குரல், எச்சரிக்கை மட்டும், மௌனம். கை தவறி நடு நிலையில் பட்டுவிட்டால் சில அறிவிப்புகள் வரும், திருப்பங்கள் வராது. முழு மௌனத்தைவிட இது ஆபத்தானது என்பது என் கருத்து, ஏனெனில் ஏதோ ஒரு குரல் வருவதால் எல்லாம் வருகிறது என்று நம்பிவிடுகிறோம்.

காரும் கேபிளும்

காரின் திரையோடு போனை இணைத்துப் பயன்படுத்துபவர்கள், போன் வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டு ஆட்டோ ஆண்ட்ராய்டு போனுக்கு மட்டுமே. ஐபோனுக்குக் கார்பிளே வேண்டும். புதிய கார்களின் திரைகள் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கின்றன. ஆனால் பிறகு கடையில் மாற்றிய ஸ்டீரியோக்களில் ஒன்று மட்டும் இருப்பது உண்டு. உங்கள் வண்டியோடு வந்த கையேட்டைப் பார்த்தோ, நண்பர் ஒருவரின் ஐபோனை இணைத்துப் பார்த்தோ உறுதிசெய்யுங்கள். கார்பிளே இயங்க வேண்டுமானால் ஐபோனில், பேச்சுக்குப் பதில் சொல்லும் ஆப்பிளின் உதவியாளரான 'சிரி' (Siri) இயக்கத்தில் இருக்க வேண்டும். தொந்தரவு என்று அதை அணைத்துவைப்பவர்களுக்குக் கார்பிளே வராமலே போகும். கேபிளும் முக்கியம்: சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவான கேபிள்களில் தகவல் போகாது. 2023ல் வந்த ஐபோன் 15 முதல் டைப்-சி துளை இருப்பதால் ஆண்ட்ராய்டு கேபிளே பொருந்தும்; அதற்கு முந்தைய ஐபோன்களுக்கு லைட்னிங் கேபிள் தேவை. கார்பிளேயிலும் கூகுள் மேப்ஸைப் பயன்படுத்தலாம் என்பதால் செயலியை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

பேசி வழி கேட்பது

ஆண்ட்ராய்டில் கூகுளிடம் தமிழில் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லி வழி கேட்டுப் பழகியவர்களுக்கு ஐபோனில் முதல் சில நாள்கள் கடினமாகவே இருக்கும். சிரியிடம் வழி கேட்டால் அது ஆப்பிள் மேப்ஸைத் திறக்கும். கூகுள் மேப்ஸில் வேண்டும் என்றால் அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொடர்பு எண்ணிலோ நாள்காட்டியிலோ உள்ள முகவரியைத் தொட்டாலும் ஆப்பிள் மேப்ஸே திறக்கும். பழகாத குரல், பழகாத இடைவெளி என்பதால் நடுவழியில் இது நிகழ்ந்தால் குழப்பம்தான். நான் கண்ட தீர்வு மிக எளியது: வண்டியை எடுக்கும் முன்பே கூகுள் மேப்ஸைத் திறந்து, தேடும் பெட்டியில் உள்ள மைக் பொத்தானைத் தொட்டு இடத்தைச் சொல்லி, வழியைத் தொடங்கிவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். அடிக்கடி போகும் கடைகளுக்கு நீண்ட பெயரை விட்டு, 'பாகூர் ஒன்று', 'வில்லியனூர் இரண்டு' என்று நானே குறுகிய பெயர் வைத்திருக்கிறேன். பெயர்ப்பலகை இல்லாத உள்தெருக் கடைகளுக்கு, வரைபடத்தில் அந்த இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் கிடைக்கும் பிளஸ் கோடு பெரிதும் உதவுகிறது. அந்தச் சிறிய குறியீட்டை எந்தப் போனில் இட்டாலும் அதே இடம்தான் வரும். ஒரு நோட்டுப் புத்தகத்தில்கூட எழுதிவைக்கலாம்.

ஐபோனில் லொக்கேஷன் அனுமதியைக் கேட்கும்போது, செயலியைப் பயன்படுத்தும்போது அனுமதி என்று கொடுத்து, துல்லியமான இடம் என்ற தேர்வும் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது அணைந்திருந்தால் நீங்கள் எந்தத் தெருவில் இருக்கிறீர்கள் என்பதே செயலிக்குத் தெரியாது. சரியான நேரத்தில் குரலும் வராது.

ஆஃப்லைன் வரைபடத்தை மறந்துவிடாதீர்கள். கடலூர், புதுச்சேரி, விழுப்புரம் மூன்றும் அடங்கும் அளவுக்குப் பெரிய பகுதியை வீட்டு வைஃபையில் இறக்கிவைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத உட்சாலைகளிலும் குரல் நிற்காது. போக்குவரத்து நெரிசல் மட்டும் அதில் தெரியாது. விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்குவழிச் சாலைப் பணிகளால் எங்கள் பகுதியில் சாலைகள் மாறிக்கொண்டே இருப்பதால், அதை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும்.

தெரிந்த சாலையில் ஒத்திகை

எல்லாம் பொருத்திய பின், கண்ணை மூடிக்கொண்டு போகக்கூடிய அளவுக்குத் தெரிந்த ஒரு சாலையில் புதிய போனைச் சோதியுங்கள். நான் கோரிமேட்டிலிருந்து ராஜீவ்காந்தி சதுக்கம், இந்திராகாந்தி சதுக்கம், நூறடிச் சாலை, மரப்பாலம் வழியாகக் கடலூருக்கு வரும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். பெரிய சந்திப்புகள், சிக்னல்கள், நேரான நீண்ட பகுதி எல்லாம் அதில் இருப்பதால், குரல் எவ்வளவு முன்னால் பேசுகிறது என்பதை அளந்துவிடலாம். வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, புதிய வழியை எப்படிச் சொல்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலை மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்களுக்கு மூடப்படுவது, ஞாயிற்றுக்கிழமைச் சந்தையால் காந்தி வீதி நிறைந்துவிடுவது போன்றவற்றை எந்தக் குரலையும் நம்பி விடாமல் நீங்களே நினைவில் வைத்திருக்க வேண்டும்.

ஒத்திகையின்போது பழைய போனை அருகில் உட்கார்ந்திருப்பவரிடம் கொடுத்து, புதிய போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, அதே வழியை அதிலும் ஓடவிடலாம். ஆனால் அதன் புளூடூத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கார் பழக்கத்தில் பழைய போனையே பிடித்துக்கொள்ளும். ஒத்திகை நாளிலும் போனைக் கையில் பிடித்து ஓட்டக் கூடாது. 2020 அக்டோபர் முதல் நடப்பில் உள்ள மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டும்போது கைப்பேசியை வழி அறிவதற்கு மட்டுமே, அதுவும் ஓட்டுநரின் கவனம் சிதறாத வகையில் பயன்படுத்த அனுமதிக்கிறது. போனை ஏசி காற்று வரும் துளையில் மாட்டும் பிடிப்பானில் வைப்பது இன்னொரு வகையிலும் நல்லது. ஐபோன் 35 டிகிரி வரையிலான சூழலுக்கு ஏற்றது என்று ஆப்பிள் கூறுகிறது. கத்திரி வெயிலில் கண்ணாடிக்குக் கீழே டேஷ்போர்டில் வைத்தால் அதை எளிதாகத் தாண்டிவிடும். மிகவும் சூடானால் திரை தானாக அணைந்து, திருப்பம் நெருங்கும்போது மட்டும் எரியும். குரல் தொடர்ந்து வரும். அப்படித் திரை இருண்டால் பதற வேண்டாம், காதைத் தீட்டிக்கொண்டு அடுத்த நிழலில் நிறுத்துங்கள்.

பழைய போனை ஒரு மாதமாவது காரின் டேஷ்போர்டு பெட்டியில் வைத்திருங்கள். சிம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆஃப்லைன் வரைபடமும், ஆண்ட்ராய்டின் எழுத்தை ஒலியாக்கும் அமைப்பில் இறக்கிவைத்த தமிழ்க் குரலும் இருந்தால், புதிய போன் ஒரு நாள் மௌனமானாலும் வீடு வந்து சேரலாம். அந்த ஒரு மாதத்தில் அதை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை என்றால், கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, போனை முழுவதுமாக அழித்து, காரின் புளூடூத் பட்டியலிலிருந்தும் அதன் பெயரை நீக்கிவிட்டுக் கைமாற்றலாம்.